ஆளுக்கொரு அளவு

ஜனவரி 6, செவ்வாய்

இது கடையோட அளவு நோட்டு. முன்னால பாதிப் பக்கத்துல ஊர்ப் பொம்பளைங்க அளவெல்லாம் இருக்குது. நான் நோட்டைத் திருப்பி வச்சுப் பின்பக்கத்திலிருந்து எழுதறேன். எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில கைப்பயிற்சி சொல்லிக் குடுத்த புள்ள. "சுவத்துல வெரலை வச்சு நண்டாட்ட மேல ஏத்துங்க்கா. எந்த உசரம் வந்துச்சுன்னு தினமும் எழுதி வைங்க. அப்படியே மனசுல தோணறதையும் எழுதுங்க"ன்னா. மனசுல தோணறதையெல்லாம் எழுதுனா நோட்டு பத்தாது கண்ணுன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டா.

போன மாசம் இருபத்தொம்பதாந்தேதி ஆபரேசன். வலது பக்கம் எடுத்தாச்சு. முழுசா. "நேரத்துல வந்தீங்க, ஊசியெல்லாம் வேண்டாம், மாத்திரை போதும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க குடும்பம் நல்லா இருக்கோணும். வந்த சீக்கோட பேரையும், எடுத்தது என்னங்கறதையும் இந்த நோட்டுல எழுத மாட்டேன். என்ற நோட்டு, என்ற இஷ்டம்.

விசயம் தெரிஞ்சது வீட்டுக்காரருக்கும், கடையில தைக்கிற ஷம்ஷாத்துக்கும் மட்டும். பையன் பெங்களூருல புது வேலையில இருக்கான், வெசனப்படுவான்னு சொல்லலை. மத்தவங்களுக்கெல்லாம் தோள்பட்டை இறுகிப்போச்சு, அதுக்கு ஆபரேசன். அவ்வளவுதான்.

தரையிலிருந்து டேப்பு வச்சு அளந்தேன். இடது கை 75 இஞ்ச் எட்டுது. வலது கை 47. ரெண்டும் ஒண்ணாகிற வரைக்கும் ஏத்தோணுமாம். கத்திரி புடிக்கிற கை வேற.

ஜனவரி 8, வியாழன்

கக்கத்துக்குக் கீழ குழாய் ஒண்ணு, அதோட நுனியில ஒரு குப்பி. குப்பியில சேர்ற தண்ணியை அளந்து ஊத்தற வேலை மாமாவோடது. டவுன் பஸ் டிரைவர் சென்னியப்பன், கல்யாணமாகி இருபத்துமூணு வருசத்துல ஒரு பட்டன் தைக்கக் கத்துக்காத மனுசன். இப்ப நர்சம்மாவாட்ட, காலையில 40 மில்லி, சாயங்காலம் 25ன்னு டிரிப் சீட்டுக்குப் பின்னால குறிச்சு வைக்கிறாரு.

கட்டு மாத்தறப்ப நான் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவேன். அங்க ஒரு காலண்டர் தொங்குது, நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. "வலிக்குதா கலா?"ன்னாரு. இல்லைன்னேன். திரும்பிப் பாத்தா அவரு கண்ணைத் தொடைச்சுட்டிருக்காரு. பஸ்ஸு ஓட்டற ஆளு, கண்ணுல தூசி விழுந்துட்டேதான் இருக்கும்.

கை 48.

ஜனவரி 12, திங்கள்

குழாயை எடுத்துட்டாங்க. நேரா கடைக்குப் போயிட்டேன். மாமா திட்டுனாரு. திட்டட்டும்.

கடைப் பேரு 'ஆளுக்கொரு அளவு'. போர்டு எழுத வந்தவரு, "இதென்னங்க பேரு, மேட்சிங் சென்டர் அப்படி ஏதாவது வைக்கலாமுங்களே"ன்னாரு. எனக்கு வேண்டியது இதுதான்னேன். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி சாம்பிள் செக்சன்ல பதினாலு வருசம் டிசைன் போட்டவ நான். அங்க சைசு மொத்தம் அஞ்சு. உலகத்துல இருக்கிற அத்தனை சனத்தையும் அஞ்சு எழுத்துக்குள்ள அடக்கிப்போட்டாங்க. அதுல அடங்காதவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு நாள் மேனேஜர்கிட்டக் கேட்டேன். "அவங்க நம்ம கஸ்டமர் இல்லம்மா"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. அடுத்த வருசம் இங்க அவிநாசியில கடை போட்டுட்டேன். அந்த மேனேஜருக்கும் ஒரு கும்பிடு, அவரு சொல்லலைன்னா நான் அங்கயே குப்பை கொட்டிட்டு இருந்திருப்பேன்.

என் கடையில ஒரு சட்டம் உண்டு. துணியை மடிச்சு வெட்டக் கூடாது. மத்த எல்லா இடத்துலயும் துணியை ரெண்டா மடிச்சுப் போட்டு, பாதி உடம்புக்கு மட்டும் கோடு போட்டு, ரெண்டு மடிப்பையும் சேத்து வெட்டிருவாங்க. இடது எப்படியோ வலதும் அப்படியேன்னு கணக்கு. எந்தப் பொம்பளைக்குச் சாமி ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் படைச்சுச்சு? புள்ளையைத் தூக்குன இடுப்பு ஒரு மாதிரி இருக்கும், குடத்தைத் தூக்குன இடுப்பு ஒரு மாதிரி இருக்கும். நான் துணியை விரிச்சுப் போட்டுத்தான் வெட்டுவேன். நோட்டுல இடதுக்கு ஒரு பத்தி, வலதுக்கு ஒரு பத்தி. நேரமும் எச்சா ஆகும், துணியும் எச்சா ஆகும். ஆனாலும் சனம் தேடித்தான் வருது.

முதுகு வளைஞ்ச கஸ்தூரி டீச்சருக்கு வேற கடையில தோள்ல பஞ்சு வச்சு நிமுத்தப் பாத்திருக்காங்க. நான் முதுகு எப்படிப் போகுதோ அப்படியே தையலை வளைச்சு விட்டேன். "இந்த ஜாக்கெட்டுதான் கலாமணி முதல் தடவையா என்னோட சண்டைக்கு வராம இருக்குது"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல விருது எதுக்கு?

ஷம்ஷாத் என்னைப் பாத்ததும் மிசினை விட்டு எந்திரிச்சா. ஒண்ணும் கேக்கலை. சுடுதண்ணி கொண்டு வந்து குடுத்தா, மறுபடி மிசின்ல உக்காந்துட்டா. பத்து வருசமா எங்கூட இருக்கா. எப்பப் பேசோணும், எப்பப் பேசக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்.

கை 50.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானையை எறக்க விடலை. 52.

ஜனவரி 19, திங்கள்

ருக்குமணியக்கா வந்தாங்க. எங்க வீதியில மாவு மில்லு வச்சிருக்காங்க, வாய் மில்லை விட எச்சா ஓடும். எங்க கும்மிக் குழுவுக்கும் அவங்கதான் தலைவி. இருபத்திநாலு பேரு வரிசையாவும் வட்டமாவும் ஒரு வருசமா ஆடிப் பழகறோம், மார்ச் பதினஞ்சு மாரியம்மன் கோயில் மைதானத்துல அரங்கேற்றம். அரக்குச் சேலை, கிளிப்பச்சை ஜாக்கெட். ஜாக்கெட் துணியைக் கட்டாக் கொண்டு வந்து வெட்டு மேசை மேல தொப்புனு போட்டாங்க.

"ஏம்புள்ள, ரெடிமேடு வாங்கிருந்தா ஒரே நாள்ல சோலி முடிஞ்சிருக்கும். நீதான் விடமாட்டேன்னே. எல்லாம் ஒண்ணாட்ட இருக்கோணும், ஆமா."

"நிறம் ஒண்ணா இருக்கட்டுங்க்கா. உடம்பு எப்படிங்க ஒண்ணா இருக்கும்?"

"வட்டமா ஆடறதைப் பாக்கறவனுக்கு உடம்பா தெரியப் போகுது?"

"பாக்கறவங்களுக்குத் தெரியலைன்னாலும் கையைத் தூக்கறவங்களுக்குத் தெரியுமுங்க்கா. கக்கத்துல புடிச்சு இழுத்துச்சுன்னா பாட்டு எங்க வரும்?"

கும்மியில குனிஞ்சு கொட்டி, நிமுந்து தலைக்கு மேல கொட்டோணும். மூணு மணி நேரம். ரெடிமேடு போட்டவ ரெண்டாவது பாட்டுலயே ஜாக்கெட்டைக் கீழ இழுத்து விட ஆரம்பிச்சிருவா. அக்கா முணுமுணுத்துட்டே அளவுக்கு நின்னாங்க. இடது கையிலயே டேப்பைப் புடிச்சேன். மாவு மூட்டை சுமந்து சுமந்து வலது தோள் முக்கால் இஞ்ச் எறங்கியிருக்குது. சொன்னேன்.

"அடிப்பாவி! இத்தனை வருசம் கண்ணாடி பாத்தும் எனக்கே தெரியலையே."

அப்பறம் போறப்ப கேட்டாங்க. "நீ முன்வரிசை ரெண்டாவது ஆளு. ஆடுவியல்லோ?"

"பாக்கலாங்க்கா. இந்தத் தோளு..."

"நல்லெண்ணெய் காய்ச்சி நான் நீவி விடறேன். ரெண்டே நாள்ல கை பறக்கும். கழட்டு ஜாக்கெட்டை."

ஐயோ சாமி! டாக்டர் தொடக் கூடாதுன்னாங்க, தையல் பிரிஞ்சுரும், அது இதுன்னு உளறித் தப்பிச்சேன். ஷம்ஷாத் மிசின்ல குனிஞ்சுக்கிட்டா, அவ தோளு குலுங்குனது சிரிப்பா வேற ஏதாவதான்னு தெரியலை.

எனக்கு ஆடோணும். இந்த ஒரு வருசத்துல வாரத்துக்கு மூணு சாயங்காலம் நான் சிரிச்சது அந்த வட்டத்துலதான். கை ஏறுனா ஆடுவேன். கை ஏறலைன்னா இல்லை. காரணம் கைதான், வேற ஒண்ணுமில்லை.

53.

ஜனவரி 30, வெள்ளி

இன்னிக்குக் கத்திரி எடுத்தேன். பழைய ஒம்போது இஞ்ச் கத்திரி, அரைக் கிலோ இருக்கும். ரெண்டு கை நீளம் வெட்டுனேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெச்சுட்டேன். அரை மணி கழிச்சு மறுபடி எடுத்து ருக்குமணியக்கா ஜாக்கெட்டை வெட்டி முடிச்சேன். ஷம்ஷாத் அதைத் தைக்கறதுக்கு எடுத்தவ, கண்ணுல ஒத்திக்கிட்டா. "என்னடி பண்றே, அது மாவு மில்லுக்காரி ஜாக்கெட்டுடி"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

கை 59. சாமி இருக்குது.

பிப்ரவரி 5, வியாழன்

கடையில ஆளுயரக் கண்ணாடி மேல பழைய துப்பட்டா ஒண்ணைப் போட்டு மூடி வச்சிருக்கேன். தூசி சாஸ்தி. வாரவங்க துப்பட்டாவை எடுத்துப் பாத்துட்டு மறுபடி போட்டுட்டுப் போறாங்க. கஸ்தூரி டீச்சர் மட்டும், "கண்ணாடிக்கு என்ன கலாமணி, குளிரா?"ன்னு கேட்டாங்க. ரிடையர் ஆயும் டீச்சருங்க குறும்பு போகாது.

பிப்ரவரி 11, புதன்

வெண்ணிலா அளவுக்கு வந்தா. பேங்கில வேலை, இருபத்தஞ்சு வயசு, குழுவுலயே நல்லா ஆடறவ. பொறந்ததுலிருந்து இடது கை முழங்கைக்குக் கீழ இல்லை. அவ கும்மி கொட்டறது தனி அழகு. வலது உள்ளங்கையை இடது முழங்கை மேல தட்டுவா, சத்தம் எங்களை விட நல்லாக் கேக்கும்.

மூணு வருசத்துக்கு முன்னால முதல் தடவை வந்தப்ப, இவங்கம்மா, "அந்தக் கை தெரியாதபடி சட்டைக் கையை நீளமா வச்சுத் தொங்க விட்டிருங்க"ன்னாங்க. நான் வெண்ணிலாவைப் பாத்து, "உனக்கு எப்படி வேணும் கண்ணு?"ன்னேன். அந்தக் கேள்வியை யாரும் அவகிட்டக் கேட்டதில்லை போல. இடது முழங்கையைத் தடவிக்கிட்டா. அப்பறம், "கை எங்க முடியுதோ துணியும் அங்க முடியட்டுங்க்கா"ன்னா. அங்கயே முடிச்சேன். அவ இப்பத் தொங்குன கைச் சட்டை ஒண்ணு கூட வச்சுக்கறதில்லை.

இன்னிக்கு அளந்துட்டு இருக்கறப்ப, "அக்கா, உங்க ஜாக்கெட் அளவு யாரு எடுப்பாங்க?"ன்னு கேட்டா. எனக்கெதுக்கு, என் அளவு எனக்குத் தெரியாதான்னேன். கொஞ்சம் வெடுக்குனு சொல்லிட்டேன் போல. பாவம், மூஞ்சி சுருங்கிருச்சு. போறப்பக் கடலை மிட்டாய் குடுத்து அனுப்புனேன்.

65.

பிப்ரவரி 19, வியாழன்

ஷம்ஷாத்துக்கு இன்னிக்கிருந்து நோன்பு. தண்ணி கூடக் குடிக்காம மிசின் மிதிக்கிறா. ரம்ஜான் துணி ஒரு பக்கம், கும்மி ஜாக்கெட் ஒரு பக்கம் குமிஞ்சு கிடக்குது. பதினாறு முடிச்சாச்சு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை. மேசையில வரிசையா அடுக்கிப் பாத்தேன், எல்லாம் ஒரே கிளிப்பச்சை. ஆனா தோளை வச்சே இது சுந்தரி, இது பாப்பாத்தியக்கா, இது அஞ்சு வீடு தள்ளி இருக்கிற சரோஜான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருவேன். என்ன ஒரு சந்தோசம். இப்படி ஒரு தொழிலைக் குடுத்த சாமிக்கு எத்தனை கும்புடு போட்டாலும் தகும்.

பிப்ரவரி 26, வியாழன்

கை 71. ஆடலாம்னு பயிற்சிக்காரப் புள்ள போன்ல சொல்லிருச்சு. இனி கையைச் சாக்கு சொல்ல முடியாது.

இருபத்திமூணு முடிஞ்சுது. மிச்சம் என்னுது ஒண்ணு. பழைய ஜாக்கெட்டை எடுத்து வச்சு, அதே அளவுல வெட்டிட்டேன். வலது பக்கத்துக்கு ஸ்பாஞ்சு வெட்டி மூணு அடுக்காத் தச்சு, இடதுக்குச் சமமா ஒண்ணு பண்ணிக்கிட்டேன். ஆஸ்பத்திரியில ஒண்ணு விக்கறாங்க, கேட்ட விலையில நாலு தையல் மிசின் வாங்கலாம். நான் பண்ணுனது ஒண்ணும் மோசமில்லை. டிசைனருன்னா சும்மாவா?

ஒண்ணு மட்டும் எழுதிப்போடறேன். துணியை மடிச்சு வெட்டிட்டேன். அவசரம், வேற ஒண்ணுமில்லை. ஷம்ஷாத் பாத்தா. வாங்கித் தச்சுக் குடுத்துட்டா.

மார்ச் 8, ஞாயிறு

இதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. நடந்த மாதிரியே எழுதறேன்.

சாயங்காலம் மைதானத்துல ஒத்திகை. எல்லாரும் அரக்குச் சேலை, பச்சை ஜாக்கெட், கால்ல சலங்கை. முதல் பாட்டுல இருபத்திநாலு பேரு கையும் மேல போச்சு, ஒரு ஜாக்கெட் கூடத் தூக்கலை, ஒரு தையல் கூட முறுக்கலை. ருக்குமணியக்கா என்னைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டுனாங்க. அந்தம்மா வாயில பாராட்டு வர்றது குதிரைக் கொம்பு, கண்ணுல வந்ததே பெரிசு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. முன்வரிசை ரெண்டாவது எடம். பத்து வாரம் கழிச்சு நிக்கறேன்.

ரெண்டாவது பாட்டுல ஸ்பாஞ்சு மேல ஏற ஆரம்பிச்சுது. வலது கையைத் தூக்கத் தூக்க அது ஒவ்வொரு விரக்கடையா ஏறுது. உள்ள புடிக்கறதுக்கு ஒண்ணுமில்லையே, அது என்ன பண்ணும்? மூணாவது பாட்டுக்குக் கழுத்தெலும்புக்கிட்ட வந்து நின்னுது. இடது கையில சேலையைச் சரி பண்ற மாதிரி அமுக்கிப் பாத்தேன். தாளம் வேகமாச்சு. குனிஞ்சு கொட்டுனேன். அது ஜாக்கெட்டை விட்டு வெளிய வந்து, மண்ணுல விழுந்து, உருண்டு போய் வட்டத்துக்கு நடுவுல நின்னுது.

பாட்டு நின்னுபோச்சு. இருபத்திமூணு பேரும் அதையே பாத்தாங்க. பூமி பொளந்து உள்ள வாங்கிக்கட்டும்னு நெசமாவே வேண்டுனேன்.

ருக்குமணியக்காதான் போய் எடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "யாருது?"

நான் கையைத் தூக்குனேன், பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட. "என்றதுங்க்கா."

அவங்க என்ற மூஞ்சியைப் பாத்தாங்க, அப்பறம் ஜாக்கெட்டைப் பாத்தாங்க. புரிஞ்சுருச்சு. முந்தானையில அந்த ஸ்பாஞ்சுல இருந்த மண்ணைத் தட்டித் தொடைச்சாங்க, கொழந்தை மூஞ்சியைத் தொடைக்கிற மாதிரி. "இதுக்குத்தான் ரெண்டு மாசமாத் தோள்வலி தோள்வலின்னு கதை அளந்தியா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே பாவி மகளே. அன்னிக்கு நான் வேற நீவி விடறேன்னு வந்தேன். சொல்லித் தொலைச்சிருக்கலாமல்லோ. வலிக்குதா?"

"இல்லீங்க்கா."

"அப்ப என்ன? மூணாவது பாட்டுல ரெண்டு தடவை காலைத் தப்பாப் போட்டே. அதைப் பாரு முதல்ல."

யாரோ மூக்கை உறிஞ்சுனாங்க. பாப்பாத்தியக்கா வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. வெண்ணிலா மட்டும் நகரவே இல்லை. நேரா என்னைப் பாத்துக் கேட்டா: "எங்க எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்தீங்க. உங்களுக்கு ஏங்க்கா மடிச்சு வெட்டுனீங்க?"

ஜாக்கெட்டைப் பாத்தாலே கண்டுபிடிக்கிற அளவுக்கு அவளுக்கு என் தொழில் அத்துப்படி. ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்லுவாங்களே, அது நான்தான். அழுதேன். இருபத்திமூணு பேருக்கு முன்னால, சலங்கைக் காலோட, ஓன்னு அழுதேன். ஆஸ்பத்திரியில கூட நான் அழுகலை.

வீட்டுக்கு வந்து மாமாகிட்டச் சொன்னேன். மனுசன் காக்கிச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனாரு. அப்பறம், "ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காதே. எனக்கு அந்த ஸ்பாஞ்சு புடிக்கவே இல்லை. கட்டிப்புடிச்சா பஸ் சீட்டைக் கட்டிப்புடிச்ச மாதிரியே இருக்குது"ன்னாரு.

அழுதுட்டு இருந்தவ சிரிச்சுட்டேன். இந்த ஆளை எனக்குக் கட்டி வச்ச எங்கப்பன் எந்த லோகத்துல இருந்தாலும் நல்லா இருக்கோணும்.

மார்ச் 9, திங்கள்

காலையில கடையைத் திறந்ததும் ஷம்ஷாத் கதவைச் சாத்துனா. டேப்பை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டா. பத்து வருசத்துல அவ டேப்பு புடிச்சு நான் பாத்ததில்லை, அளவு என் வேலை, தையல் அவ வேலை.

"நில்லுங்கக்கா."

"நோன்பு வாயோட எனக்கு ஆர்டர் போடறியா?"

"ஆமா. நில்லுங்க. அன்னிக்கு நீங்க துணியை மடிச்சப்பவே கேட்டிருப்பேன். கேட்டா கத்திரியை என்மேல வீசுவீங்க."

"வீசித்தான் இருப்பேன்."

கண்ணாடி மேல இருந்த துப்பட்டாவை அவளே எடுத்தா. எழுபது நாளா நான் பாக்கலை. குளிக்கறப்பவும் மேல பாத்துட்டே குளிப்பேன். இன்னிக்கு ஜாக்கெட்டைக் கழட்டிட்டுப் பாத்தேன். இடது பக்கம் எப்பவும் போல. வலது பக்கம் சமமா, விலா எலும்பு மேல ஒரு நீளக் கோடு, கொஞ்சம் சாஞ்சு, கக்கத்துப் பக்கம் போய் முடியுது. பயந்த அளவுக்கு ஒண்ணுமில்லை. தச்சது யாரோ நல்ல கைக்காரங்க, தையல் நேராப் போயிருக்குது. தையக்காரி கண்ணுக்கு முதல்ல அதுதான் பட்டுச்சு, என்ன பண்றது?

மார்பு. எழுதிட்டேன். வலது மார்பு இல்லை. பேனா ஒண்ணும் ஒடைஞ்சு போகலை.

ஷம்ஷாத் கை சில்லுனு இருந்துச்சு. இடதை அளந்தா, சொன்னா, எழுதுனேன். வலதை அளந்தா. நம்பர் சொல்லாம டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டுனா. டேப்பைப் பாத்து நானே படிச்சு எழுதிக்கிட்டேன். ரெண்டு பத்திக்கும் நடுவுல ரெண்டே முக்கால் இஞ்ச் வித்தியாசம். மார்பு அளவுல என் நோட்டுலயே பெரிய வித்தியாசம் என்னுதுதான். கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு.

துணியை விரிச்சுப் போட்டேன். இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு ஒரு கோடு. வலது பக்கத்துல புடிப்புத் தையலே வேண்டியதில்லை, நேராத் தோள்ல இருந்து இடுப்புக்கு எறக்கி விட்டா போதும். ஒரு பூ வேலை வைக்கட்டுமாக்கான்னு ஷம்ஷாத் கேட்டா. வேண்டாம்னுட்டேன். சிங்காரம் பண்றதும் ஒரு மூடறதுதான். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதான். அப்பறம் திட்டுனான். அப்பறம் சாப்டியான்னு கேட்டான். ஞாயித்துக்கிழமை வர்றானாம்.

மார்ச் 15, ஞாயிறு, இல்லை, திங்கள் விடிகாலை

ஆடிட்டேன்.

கூட்டம்னா கூட்டம், மைதானம் கொள்ளலை. சேலையை ஒரு சுத்து எச்சா சுத்தி வலது பக்கத்தை மறைச்சிரலாமான்னு கடைசி நிமிசத்துல ஒரு புத்தி வந்துச்சு. பொய் சொல்லலை, வந்துச்சு. மடிப்பைக் கூடக் கையில எடுத்துட்டேன். அப்பறம் எல்லாரும் எப்படிக் கட்டியிருந்தாங்களோ அப்படியே கட்டிக்கிட்டேன்.

யாரும் கவனிக்கலைன்னு எழுத மாட்டேன். கவனிச்சாங்க. முன்னால சேர்ல உக்காந்திருந்த ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்க காதுல என்னமோ சொன்னாங்க, ரெண்டு பேரும் என்ற ஜாக்கெட்டைப் பாத்தாங்க. மூஞ்சியெல்லாம் சூடாச்சு. காலு தடுமாறுச்சு. பக்கத்துல ஆடுன வெண்ணிலா, பாட்டுக்கு நடுவுலயே, "அக்கா, காலு"ன்னா. அவ்வளவுதான். அப்பறம் பாட்டு என்னை எடுத்துக்கிச்சு. ரெண்டு கையும் மேல போச்சு. உள்ள எதுவும் ஏறலை, எறங்கலை, அமுக்கலை. நான் மட்டும்தான் ஆடுனேன்.

மாமா டூட்டி மாத்திக்கிட்டுக் காக்கிச் சட்டையோடயே வந்திருந்தாரு. பையன் அவரு தோள்ல கை போட்டு நின்னான். மாமா விசில் அடிச்சாரு. இந்த வயசுல. ஊரே திரும்பிப் பாத்துச்சு, மானம் போச்சு.

முடிஞ்சதும் ருக்குமணியக்கா வேர்வையோட என்னைக் கட்டிப்புடிச்சாங்க. "ஒண்ணாட்டத்தான் இருந்துச்சுடி எல்லாம்"னாங்க. அந்தம்மாவை எதுத்துப் பேச எனக்கு மனசு வரலை.

கண்ணு சொக்குது, தூக்கம் வரமாட்டேங்குது. தூங்கறவங்களைப் பாத்தேன். வீட்டுல ரெண்டு ஆம்பளைங்களும் குறட்டை விடறாங்க. எனக்கு இதெல்லாம் இருக்குது. எவ்வளவு இருக்குது எனக்கு.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் ஒரு பொம்பளை வந்தாங்க. அம்பது வயசு இருக்கும், பாத்த மூஞ்சி இல்லை. சேலையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்தியிருந்தாங்க. வெளிய நல்ல வெயிலு. கடையில இருந்தவங்க எல்லாம் போற வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்து காத்துட்டு இருந்தாங்க. அப்பறம், "கதவைச் சாத்திக்கலாமுங்களா?"ன்னாங்க. சாத்துனேன்.

"ஞாயித்துக்கிழமை முன்வரிசையில ரெண்டாவதா ஆடுனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"எங்க ஊரு சேவூருப் பக்கம். மக வீட்டுக்கு வந்திருந்தேன். நான் கும்மியே பாக்கலைங்க. மூணு மணி நேரமும் உங்க ஜாக்கெட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன்." சேலையை இன்னும் இறுக்கிப் போத்திக்கிட்டாங்க. "எனக்கு இடது பக்கமுங்க. அஞ்சு வருசமாச்சு."

தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாங்க. அப்பறம் மளமளன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரியாதாம், மருமகளுக்குத் தெரியாதாம். கடையில விக்கற சாமானெல்லாம் கட்டுபடியாகாதுன்னு அவங்களா ஒரு துணிப்பை தச்சு, அதுக்குள்ள ராகியைக் கொட்டி வச்சுக்கறாங்களாம். கனமும் சரியா இருக்குமாம், உருண்டையாவும் நிக்குமாம்.

"போன ஐப்பசியில காட்டுல நல்லா மழையில மாட்டிக்கிட்டேனுங்க. மறுநாள் ஒறம்பரை வூட்டுக் கல்யாணம். வேற பை இல்லை, அதையே ஈரத்தோட வச்சுக்கிட்டுப் போயிட்டேன். ஒரு நாள், ஒரு ராத்திரி. சூடு வேற. பந்தியில உக்காந்திருக்கேன், அரிக்குது அரிக்குது, தாங்க முடியலை. வூட்டுக்கு வந்து எடுத்துப் பாத்தா..." அவங்க நிறுத்துனாங்க. உதடு துடிச்சுது. "முளைச்சிருச்சுங்க. ராகி முளைகட்டியிருச்சு. பையெல்லாம் வெள்ளை வெள்ளையா வேரு."

நான் சிரிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சேன். சாமி சத்தியமாக் கடிச்சேன். ஆனா அவங்கதான் முதல்ல சிரிச்சாங்க. புஸ்ஸுனு மூக்குல ஒரு சத்தம், அப்பறம் அடக்க முடியலை. நானும் சிரிச்சேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டு, மேசையைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வழிய. ஷம்ஷாத் மிசினை நிறுத்திட்டு என்னமோ ஏதோன்னு ஓடி வந்தா. அவளுக்குச் சொல்லலாம்னு ரெண்டு பேரும் வாயைத் திறக்கறோம், ராகிங்கற வார்த்தைக்கு மேல ஒண்ணும் வரலை.

சிரிச்சு முடிச்சு மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாங்க. "யாருகிட்டயும் சொன்னதில்லைங்க இதை"ன்னாங்க. பேரு ஜெகதாம்பாளாம். அப்பறம் எந்திரிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டு அந்தப் பையை எடுத்து என் வெட்டு மேசை மேல வச்சாங்க. போத்தியிருந்த சேலையை எறக்குனாங்க. நிமுந்து நின்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, "ம், அளங்க"ன்னாங்க.